முன்தோல் நீக்கம்: பிரசவ வகுப்புக்கு எந்தக் கையேடு, எந்த வீடியோ? – அனுபவப் பகிர்வு

பிரசவ வகுப்பு ஆசிரியை, நியூ ஜெர்சி

அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண் குழந்தை பிறந்த ஓரிரு நாளுக்குள் முன்தோல் நீக்கத்துக்கான (ஆண்குறி நுனியை மூடியிருக்கும் தோலை வெட்டி எடுப்பது) ஒப்புதல் படிவம் கைக்கு வந்துவிடும். தூக்கமில்லாமல் கிடக்கும் பெற்றோர் அப்போது உட்கார்ந்து யோசிக்க முடியாது. அதனால் வகுப்பிலேயே விஷயத்தைப் பேசியாக வேண்டும். பேசுவதற்கு எதைக் கையில் எடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம்.

எந்தக் கையேடு வந்தாலும், முன்தோல் நீக்காத குழந்தையின் பராமரிப்புப் பக்கத்தை முதலில் புரட்டுங்கள். "மூன்று வயதுக்குள் தோல் பின்னுக்குப் போய்விட வேண்டும்" என்று இருந்தால் அந்தக் கையேடு வேண்டாம். 1949-இல் பிரிட்டனில் கெய்ர்ட்னர் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையில், மூன்று வயதில் 90 சதவீதச் சிறுவர்களுக்குத் தோல் பின்னுக்குப் போகும் என்றிருந்தது. அது அப்படியே பாடப்புத்தகங்களுக்குள் நுழைந்துவிட்டது. 1968-இல் டென்மார்க்கில் ஓஸ்டர் என்ற மருத்துவர் பள்ளிச் சிறுவர்களைப் பரிசோதித்தபோது, 6-7 வயதில் 63 சதவீதம் பேருக்குத் தோல் இன்னும் ஒட்டியே இருந்தது. 16-17 வயதில்தான் அது 3 சதவீதமாகக் குறைந்தது. பிறந்த குழந்தைக்கு முன்தோலின் உட்புறம் மொட்டோடு (ஆண்குறியின் முனையோடு) ஒட்டியிருப்பது இயல்பு. பலவந்தமாக இழுத்தால் கிழிந்து ரத்தம் வரும், தழும்பு விழும், பிறகு உண்மையாகவே தோல் இறுகிவிடும். வெளிப்புறத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போதும். ஒரு நாள் தானாகப் பின்னுக்குப் போகும்போது முதலில் செய்து பார்ப்பவன் அந்தப் பையனாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழ்த் தம்பதிகள் வரும் வகுப்பில் இந்தப் பக்கத்துக்கு இன்னும் நேரம் கொடுங்கள். பெரும்பாலானோர் நீக்க வேண்டாம் என்றே முடிவோடு வருகிறார்கள். ஆனால் பேறுகாலத்துக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, குளிப்பாட்டும்போது தேங்காய் எண்ணெய் தடவித் தோலைப் பின்னுக்குத் தள்ளுவது உண்டு. அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பாட்டியிடம் மகளோ மருமகளோ வாதாடுவதைவிட அது வேலை செய்யும்.

பிரசவ வார்டு நர்ஸ், டெக்சாஸ்

வீடியோ பற்றிச் சொல்கிறேன். பின்னணி இசை போட்டுக் குழந்தையின் சத்தத்தை அழித்த வீடியோ வேண்டாம். மரத்துப்போக ஊசி போடாமல் செய்த பழைய படமும் வேண்டாம்; அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1999-லேயே வலி மருந்து அவசியம் என்று சொல்லிவிட்டது. கால்களைக் கட்டும் பலகை, ஊசி போடும் இடம், கருவி, முடிந்தபின் காயம் எப்படித் தெரியும் என்று நான்கையும் காட்டுவதுதான் பயன்படும். சர்க்கரைத் தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதும் என்று சொல்லும் எதையும் நம்பாதீர்கள். அது ஊசிக்குத் துணை, மாற்று இல்லை.

காயப் பராமரிப்புத் தாளில் அடிக்கடி வரும் குழப்பம்: முன்தோலை நீக்கும் கருவிகளில் காம்கோ, மோகன் இரண்டையும் பிளாஸ்டிபெல்லையும் ஒரே பத்தியில் போட்டுவிடுவார்கள். முதல் இரண்டுக்கும் ஒவ்வொரு டயபர் மாற்றும்போதும் வாசலினைத் தாராளமாகத் தடவ வேண்டும், இல்லையென்றால் காயம் டயபரில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிபெல்லில் ஒரு வளையம் இருக்கும், சுமார் 5 முதல் 8 நாளில் தானே விழும், இழுக்கக் கூடாது. வளையம் கீழே நழுவித் தண்டில் இறுகினால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் மொட்டின் மேல் மஞ்சளாக ஒரு படலம் படியும். அது சீழ் இல்லை, ஆறும் அடையாளம். படம் போட்டுக் காட்டாவிட்டால் அம்மாக்கள் துடைத்துத் துடைத்துப் புண்ணாக்கிவிடுகிறார்கள். டயபரில் 25 சென்ட் நாணயத்தைவிடப் பெரிய ரத்தக் கறை, 12 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, 100.4 டிகிரி காய்ச்சல்: இந்த மூன்றும் தாளின் மேல்பகுதியில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

பிரசவ வகுப்பு ஆசிரியை, இல்லினாய்

எண்களைப் பாருங்கள். "சிறுநீர்த் தொற்று பத்து மடங்கு குறையும்" என்று ஒரு துண்டறிக்கை சொல்லும். குழந்தை மருத்துவ அகாடமியின் 1999 அறிக்கையின்படி, முதல் வருடத்தில் முன்தோல் உள்ள 1000 குழந்தைகளில் 7 முதல் 14 பேருக்குத் தொற்று வரும், நீக்கிய 1000 பேரில் 1 முதல் 2 பேருக்கு. இப்படிச் சொன்னால்தான் பெற்றோருக்கு அளவு புரியும். எச்.ஐ.வி. பற்றிய தென்னாப்பிரிக்க, கென்ய, உகாண்டா ஆய்வுகள் வளர்ந்த ஆண்களிடம், பெண்ணிடமிருந்து ஆணுக்குப் பரவுவதைப் பற்றி நடந்தவை. அதைச் சொல்லாமல் தொற்று ஆபத்து 60 சதவீதம் குறையும் என்று மட்டும் அச்சடித்த தாளை நான் கொடுப்பதில்லை.

அகாடமியின் 2012 அறிக்கையை இரு தரப்பும் பாதியாக வெட்டுகிறார்கள். பலன் ஆபத்தைவிட அதிகம் என்பது ஒரு பாதி. எல்லா ஆண் குழந்தைக்கும் செய்யச் சொல்லும் அளவுக்கு அந்தப் பலன் பெரிதில்லை என்பது மறுபாதி. இரண்டும் இல்லாத தாள் பிரச்சாரம்தான். கூடவே கனடாவின் குழந்தை மருத்துவச் சங்கம் 2015-இல் வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்கவில்லை என்பதையும், நெதர்லாந்து மருத்துவர் சங்கம் 2010-இல் எதிர்த்ததையும் வைத்தால் பெற்றோர் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். "எல்லோரும் செய்கிறார்களே" என்பவர்களுக்கு: அமெரிக்க மருத்துவமனைகளில் இது 1979-இல் 64.5 சதவீதம், 2010-இல் 58.3.

டூலா (பிரசவத் துணையாளர்), கலிபோர்னியா

யூதக் குடும்பங்களுக்கு எட்டாம் நாள், பெரும்பாலும் வீட்டில், மோயெல் (இந்தச் சடங்கைச் செய்யப் பயிற்சி பெற்றவர்) செய்வது. முஸ்லிம் குடும்பங்களில் நாள் வேறுபடும். மருத்துவமனையை மட்டும் பேசும் கையேடு இவர்களுக்கு உதவாது. காயப் பராமரிப்புத் தாளைத் தனியாகப் பிரித்துக் கொடுங்கள், மதத்தை விவாதத்துக்கு இழுக்காதீர்கள்.

மீண்டும் நியூ ஜெர்சி

டூலா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வகுப்பில் 15 நிமிடம் போதும், மீதிக்குக் கேள்வித்தாள் கொடுத்தனுப்புகிறோம். யார் செய்வார், எந்தக் கருவி, மரத்துப்போக எந்த ஊசி, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே போட்டாயிற்றா, வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் உண்டா, சிறுநீர்த் துளை சரியான இடத்தில் இருக்கிறதா (கீழே இருந்தால் பிற்பாடு அறுவைக்கு முன்தோல் தேவைப்படும், அதனால் நீக்கக் கூடாது), காப்பீடு தருமா. பல மாநிலங்களில் மெடிகெய்ட் (வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இதற்குப் பணம் தருவதில்லை என்பதைப் பில் வந்த பிறகுதான் பலர் தெரிந்துகொள்கிறார்கள்.