‘பீத்தோவன்’ படத்து அப்பா செய்ததில் என்ன தவறு?

ஈசூன்_அப்பா:
பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ‘பீத்தோவன்’ பார்த்தேன், 1992இல் வந்த படம். திருடர்களிடமிருந்து தப்பிய செயின்ட் பெர்னார்ட் இன நாய்க்குட்டி ஒன்று நியூட்டன் குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்து, மலை மாதிரி வளர்ந்து, வீட்டையே தலைகீழாக்கிவிடுகிறது. படம் முடிந்ததும் சின்னவள் அதே நாய் வேண்டும் என்று ஒரே அழுகை. எங்களுடையது சிங்கப்பூரில் வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு, அங்கே அனுமதித்த 62 இனங்களில் சின்ன நாய் ஒன்றுதான் வளர்க்கலாம். அதைக்கூட விடுங்கள், படுக்கையறையில் நாய் சேற்றை உதறினால் எந்த அப்பாவுக்குத்தான் கோபம் வராது? ஆனால் படத்து அப்பாவைக் கல்நெஞ்சக்காரராகக் காட்டுகிறார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

பூன்லே_அக்கா:
தம்பி, கடைசிவரை பார்த்தீர்களா? படத்தில் கெட்டவன் அந்த கால்நடை மருத்துவன். தோட்டாவைச் சோதிக்கப் பெரிய நாய் தேடுகிறான், நாய் தன்னைக் கடித்ததாக நாடகமாடி அப்பாவை நம்பவைக்கிறான். ஏமாந்தது தெரிந்ததும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் நாயை மீட்பதே அந்த அப்பாதானே! அப்பாவாக நடித்த சார்ல்ஸ் குரோடின் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிற கோபம் இருக்கிறதே, படத்தின் உயிரே அதுதான். சின்னப் பெண் எமிலி நீச்சல் குளத்தில் விழும்போது, பார்த்துக்கொள்ள வேண்டியவள் கவனிக்காத நேரத்தில், குதித்துக் காப்பாற்றுவது அந்த நாய்தானே? சேற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் எப்படி?

வால்_நண்பன்:
அக்கா, அண்ணா, இரண்டு பேரும் அப்பாவைப் பற்றியே பேசுகிறீர்கள், நாயைப் பற்றி யாராவது பேசுங்கள். செயின்ட் பெர்னார்ட் ஆல்ப்ஸ் மலைக் கணவாய் மடத்தில், பனியில் சிக்கியவர்களை மீட்ட இனம். 70 கிலோவைத் தாண்டும், உடம்பு முழுக்க அடர்த்தியான முடி. நம் ஊர் வெயிலில், தரைவீடாகவே இருந்தாலும், அதற்கு மூச்சு வாங்கும். நான் நாய்க் காப்பகத்தில் தொண்டூழியம் செய்கிறேன். குட்டியாக ஆசைப்பட்டு வாங்கி, வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் ஒருவர் கொண்டுவந்து விட்டார். அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு அந்த நாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. படத்தில் குட்டி பெரிதாவது சில நிமிடம், அதற்குள் யார் குளிப்பாட்டினார்கள், யார் நடைக்குக் கூட்டிப்போனார்கள் என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?

பூன்லே_அக்கா:
சரி, அது நியாயம். ஆனால் வாங்கியவர் செய்த தவறுக்குப் படம் என்ன செய்யும்? பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டியது பெற்றோர். தம்பி, அந்த 62 இனங்களின் பட்டியலைச் சின்னவளிடம் காட்டுங்கள்.

வால்_நண்பன்:
அடோர் என்ற தத்தெடுப்புத் திட்டத்தில் வீவக வீட்டுக்கு உள்ளூர்க் கலப்பின நாயையும் தத்தெடுக்கலாம் அண்ணா. முதலில் காப்பகத்துக்குக் கூட்டிவந்து பழக விடுங்கள்.

ஈசூன்_அப்பா:
பட்டியலை நேற்றே காட்டிவிட்டேன் அக்கா. ஷீட்ஸு, பொமரேனியன், பக் என்று ஒவ்வொன்றாகப் படம் காட்டினேன். “இது பீத்தோவன் இல்லையே” என்று மறுபடியும் அழுகிறாள். நான் சொல்வது இதைத்தான்.