வால்யூம் மெனுவில் மவுஸ் சக்கரம் சரியாக வேலை செய்யவில்லை, உதவுங்கள்

லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். பேனலில் உள்ள வால்யூம் ஐகான் மேல் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் சத்தம் ஒழுங்காகக் கூடிக் குறைகிறது, ஆனால் அதைக் கிளிக் செய்து மெனுவைத் திறந்து உள்ளே ஸ்லைடர் மேல் உருட்டினால் அசையவே மாட்டேன் என்கிறது, சில நேரம் ஒரேயடியாக 100-ஐத் தாண்டிவிடுகிறது, ஹெட்போன் மாட்டியிருந்தால் காது கிழிகிறது.

மவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது. எக்ஸ்ஈவி (xev, மவுஸ், கீபோர்டில் எது அழுத்தப்படுகிறது என்று காட்டும் நிரல்) ஓட்டிப் பார்த்தேன், மேலே உருட்டினால் பட்டன் 4, கீழே உருட்டினால் 5 என்று சரியாகவே காட்டுகிறது.

இது அம்மாவின் கணினி. அவருக்குக் கை நடுக்கம், ஸ்லைடரைப் பிடித்து இழுக்க வராது, ஐகானும் ரொம்பச் சின்னது, மெனுவில் உருட்டுவதுதான் அவருக்கு வசதி. இதைச் சரிசெய்ய வழி உண்டா? அப்புறம், 100-க்கு மேல் போகாமல் எங்கே தடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.