புர்ஜ் கலீஃபா 124-லிருந்து 122-க்குப் படியில் இறங்கலாமா? அவசரம்

குன்னூர் மகேஷ்:
வணக்கம் நண்பர்களே. புர்ஜ் கலீஃபா டூர், மேலேயே டின்னர், இரண்டும் சேர்ந்த பேக்கேஜ் போட்டாச்சு. டூர் 6.30, டின்னர் 7.30. டூர் 124-ஆவது மாடி, ரெஸ்டாரண்ட் 122-ஆவது மாடி என்று நெட்டில் பார்த்தேன். நடுவில் இரண்டே மாடி. படியில் இறங்கச் சொல்வார்களா, லிஃப்ட் உண்டா? அம்மாவுக்கு மூட்டு வலி. இன்னொன்று, மேட்டுப்பாளையம் இறங்கினாலே அம்மாவுக்குக் காது அடைக்கும். அந்த லிஃப்டில் என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்க, கிளம்புகிற வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

லவ்டேல் வாசு:
எந்த மாதம் போறீங்க? எத்தனை பேர்? குழந்தைகள் உண்டா? டிக்கெட் அவங்க சைட்டில் நேரடியாகப் போட்டதா, ஏஜென்ட் மூலமா? துபாயிலேயே தங்கறீங்களா, ஷார்ஜாவிலா? இதெல்லாம் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது மகேஷ்.

கேத்தி ரவி:
ஏஜென்ட்தான், வேற யார். “மேலேயே டின்னர்” என்று சொல்லும்போதே தெரியவில்லையா? இந்த காம்போ எல்லாமே ஏமாற்று வேலை. பணத்தைத் திருப்பிக் கேளுங்க.

பயணப்புலி:
புர்ஜ் கலீஃபா பற்றி இந்தக் குழுவில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம். மேலே தேடும் கட்டம் ஒன்று இருக்கிறது, அதைத் தொட்டால் விரல் சுடாது. 124, 125, 148 மூன்றும் பார்வையாளர் தளங்கள், 122 ரெஸ்டாரண்ட், 152-லிருந்து 154 வரை லவுஞ்ச். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் எப்படி பேக்கேஜ் போடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மஞ்சூர் மணி:
புலி சார், அவருக்கு 122, 124 இரண்டும் தெரிந்திருக்கிறது. நடுவில் எப்படிப் போவது என்றுதான் கேட்கிறார். அதற்குப் பதில் உங்க பதிவில் இல்லையே.

கோத்தகிரி செல்வி:
மகேஷ் தம்பி, படியும் இல்லை, லிஃப்டும் இல்லை. 124-லிருந்து நேராக 122-க்குப் போகவே முடியாது. நாங்க ஷார்ஜாவில் இருந்தபோது ஊரிலிருந்து வரும் ஒவ்வொருத்தரையும் கூட்டிக்கொண்டு போய் எனக்கு இது மனப்பாடம்.

124-க்குப் போகும் வாசல் துபாய் மாலுக்குள், கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஏர்போர்ட் மாதிரி பையை ஸ்கேன் பண்ணுவாங்க, அப்புறம் கட்டடம் கட்டிய கதையைச் சொல்லும் படங்கள் வழியாக நடக்க விட்டு லிஃப்டில் ஏற்றுவாங்க. லிஃப்டுக்குள் ஒரு நிமிடம்தான். நேரம் முழுக்க வரிசையில் போகும்.

122-இல் இருக்கும் அட்மாஸ்ஃபியர் ரெஸ்டாரண்டுக்கு வாசல் வேறு, லிஃப்ட் வேறு. மால் வழியாகப் போக முடியாது, கட்டடத்தின் இன்னொரு பக்கம் சுற்றி வரணும். அதனால் நீங்க 124-லிருந்து கீழே வரை இறங்கி, மாலுக்கு வெளியே வந்து, அந்தப் பக்கம் போய், மறுபடி மேலே ஏறணும். இறங்கும்போதும் லிஃப்டுக்கு வரிசை நிற்கும் என்பதை மறக்காதீங்க. 6.30 டூருக்கும் 7.30 டின்னருக்கும் நடுவில் இது நடக்காது. அதுவும் மூட்டு வலி உள்ள அம்மாவோடு.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பாருங்க. உங்க வவுச்சரில் ரெஸ்டாரண்ட் பெயரோ, 122 என்ற எண்ணோ எழுதியிருக்கிறதா? 122 என்பது நீங்க நெட்டில் பார்த்ததா, அவங்க சொன்னதா?

அருவங்காடு பாலன்:
காது விஷயத்துக்கு நான் சொல்கிறேன். குன்னூர் ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,712 மீட்டர், மேட்டுப்பாளையம் 326 மீட்டர். அதாவது 1,400 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்குகிறோம். புர்ஜ் கலீஃபா 124-ஆவது மாடி 452 மீட்டர்தான். மூன்றில் ஒரு பங்கு. ஆனால் நம்ம ரோட்டில் இறங்க ஒரு மணி நேரம் ஆகும், அங்கே ஒரு நிமிடம்தான், லிஃப்ட் வேகம் நொடிக்கு 10 மீட்டர். ஏறும்போது நடுக்காதில் உள்ள காற்று தானாகவே வெளியே வந்துவிடும், சின்னதாக ஒரு ‘டப்’ கேட்கும், அவ்வளவுதான். தொல்லை இறங்கும்போதுதான். அம்மாவுக்கு மேட்டுப்பாளையம் போகும்போது அடைப்பதும் அதனால்தான். லிஃப்ட் கிளம்பியதிலிருந்து எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்கச் சொல்லுங்க, வாயில் ஒரு புளிப்பு மிட்டாய் போதும். கைக்குட்டையில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு முகர்ந்தால் காது அடைக்கவே அடைக்காது. நான் விமானத்தில் ஏறினாலும் அதுதான்.

லவ்டேல் வாசு:
பாலன் சார், மிட்டாய் வரை சரி. தைலம் மூக்கு திறந்த மாதிரி தோன்ற வைக்கும், காதுக்குள் இருக்கும் குழாயைத் திறக்காது. சளி இருந்தால்தான் உண்மையில் கஷ்டம். சளி பிடித்திருந்தால் கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது, ஏனென்றால் லிஃப்டுக்கு முன்னால் விமானம் இருக்கிறது.

அருவங்காடு பாலன்:
தைலத்தைக் குறை சொல்பவர்கள் அதை முறையாக உபயோகித்திருக்க மாட்டார்கள்.

மஞ்சூர் மணி:
452 மீட்டருக்கு இத்தனை பேச்சா? நாம் இருப்பதே அதைவிட உயரம். தொட்டபெட்டா போய் டெலஸ்கோப் பார்த்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டால் அதுவும் உயரத்தில் சாப்பாடுதான். 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான இடம்.

பயணப்புலி:
தென்னிந்தியாவில் உயரம் ஆனைமுடி, 2,695 மீட்டர். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

மஞ்சூர் மணி:
அது கேரளா.

பயணப்புலி:
கேரளா எந்த இந்தியாவில் இருக்கிறது?

கேத்தி ரவி:
மலையையும் கட்டடத்தையும் எப்படி ஒப்பிடுகிறீர்கள்? மலைக்குக் கடல் மட்டத்திலிருந்து கணக்கு, கட்டடத்துக்குத் தரையிலிருந்து கணக்கு. ஊட்டியிலிருந்து பார்த்தால் தொட்டபெட்டா சில நூறு மீட்டர்தான்.

மஞ்சூர் மணி:
துபாயில் தரையே கடல் மட்டம்தானே, இரண்டும் ஒரே கணக்குதான் வரும். அதன் கூர்முனை வரை எடுத்தாலும் 828 மீட்டர். நம்ம மலை ரயிலில் பாதி வழியில் வரும் ஹில்குரோவ் ஸ்டேஷனே ஆயிரத்தைத் தாண்டிவிடும். அங்கே காபி, வடை கிடைக்கும், தலைக்கு இவ்வளவாவது செலவு பண்ணு என்று எவனும் கேட்க மாட்டான்.

கேத்தி ரவி:
குரங்கு கேட்கும்.

குன்னூர் மகேஷ்:
மன்னிக்கவும், வெளியே போயிருந்தேன். மார்ச். ஏஜென்ட் மூலம்தான். ஷார்ஜாவில் தங்கல், மச்சான் வீடு. கோவையிலிருந்து ஷார்ஜா நேர் விமானம். வவுச்சரில் “124, 125 + டின்னர் வித் புர்ஜ் வியூ” என்று இருக்கிறது, ரெஸ்டாரண்ட் பெயர் இல்லை. அப்பாவுக்கு 60 முடிகிறது, அதற்காகத்தான். அப்பா வேட்டிதான் கட்டுவார், பரவாயில்லையா? ஸ்வெட்டர் வேண்டுமா?

கோத்தகிரி செல்வி:
தம்பி, அது 122 இல்லை. மேலே உட்கார்ந்து சாப்பிடும் இடமாக இருந்தால் மாடி எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பாங்க, அதை வைத்துத்தானே விற்பதே. இது கீழே மாலிலோ பக்கத்துக் கட்டடத்திலோ மேஜை போட்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிடும் இடம். அதுவும் மோசமில்லை, ஃபவுண்டன் தெரியும் இடமாக இருந்தால் குழந்தைகளுக்கு மேலே இருப்பதைவிட அதுதான் பிடிக்கும். ஆனால் அப்பாவுக்கு நீங்க சொல்லி வைத்திருப்பது வேறு. உடனே ஏஜென்டுக்குப் போன் போட்டு “எந்த மாடி, எந்தப் பெயர்” என்று எழுத்தில் வாங்குங்க.

வேட்டி பற்றி: 122-இல் உடை விதி உண்டு. அரை டிரவுசர், விளையாட்டு உடை, ஆண்களுக்குச் செருப்பு, இதெல்லாம் ஆகாது. அந்த ஊர் ஆண்கள் கந்தூராவில் (கணுக்கால் வரை வரும் நீள அங்கி) வருகிறார்கள், பட்டு வேட்டி சட்டையை யாரும் தடுக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. செருப்பில்தான் மாட்டுவார். மூடிய ஷூ ஒன்று எடுத்து வையுங்க. மேஜை புக் பண்ணும்போதே இரண்டு வரி எழுதிக் கேட்டுவிட்டால் வாசலில் நின்று பேச வேண்டாம். சைவமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்க.

ஸ்வெட்டர் மேலே தேவையில்லை. மாலுக்குள் ஏசி நம்ம ஊர் டிசம்பர் காலை மாதிரி இருக்கும், அம்மாவுக்கு ஒரு சால்வை போதும்.

கேத்தி ரவி:
நான் முதலிலேயே சொன்னேன்.

லவ்டேல் வாசு:
ரவி, நீங்க “எல்லாமே ஏமாற்று” என்றீர்கள். அது வேறு, இது வேறு. டவர் டிக்கெட் உண்மையான டிக்கெட்தான், அதை விட வேண்டாம்.

மகேஷ், மார்ச் என்றால் இன்னொரு சிக்கல். துபாயில் மார்ச்சில் சூரியன் மறைவதே ஏறக்குறைய 6.30-க்கு. டிக்கெட்டில் உள்ள 6.30 வாசலுக்குள் நுழையும் நேரம், மேலே நிற்கும் நேரம் இல்லை. மறையும் நேரத்துக்கு விலையும் அதிகம், கூட்டமும் அதிகம். சோதனை, வரிசை எல்லாம் முடிந்து நீங்க மேலே போவதற்குள் இருட்டியிருக்கும். அந்தி பார்க்கணும் என்றால் 5 மணி நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்க. 124-இல் திறந்த மாடம் இருக்கிறது, கண்ணாடி வழியாக இல்லாமல் நேராகப் பார்க்கலாம், போட்டோவில் விளக்கு பிரதிபலிக்காது. மேலே இவ்வளவு நேரம்தான் என்று விரட்டுவதும் இல்லை. ஷார்ஜாவிலிருந்து சாயங்காலம் துபாய் வரும் ரோட்டை நம்பாதீங்க, மதியச் சாப்பாடு முடிந்ததுமே கிளம்பிவிடணும்.

அருவங்காடு பாலன்:
உயரத்தில் சூரியன் தாமதமாக மறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரமலானில் அந்தக் கட்டடத்தில் 80-ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150-க்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடமும் கழித்து நோன்பு திறக்க வேண்டும் என்று 2011-இல் துபாய் மார்க்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். மார்ச்சில் ரமலான் விழுந்தால் ரெஸ்டாரண்ட் நேரமெல்லாம் மாறும், அதையும் பார்க்கவும்.

பயணப்புலி:
டூர் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். 124 டிக்கெட்டில் வழிகாட்டி யாரும் கூட வரமாட்டார். கூடவே ஆள் வந்து விளக்குவது 148-க்கு. அது 555 மீட்டர், தனி வரவேற்பறை, பேரீச்சம்பழம், அரபிக் காபி. அங்கே பார்த்துவிட்டு 125, 124-க்கும் இறக்கி விடுவார்கள். உண்மையிலேயே அறுபதாம் கல்யாணத்துக்கு என்றால் அதைத்தான் போட்டிருக்க வேண்டும். கேட்டுவிட்டுச் செய்யும் பழக்கம் நம்மவர்களுக்கு எப்போது வரும்?

கோத்தகிரி செல்வி:
புலி அண்ணா, விஷயம் நல்ல விஷயம். கடைசி வரியை மட்டும் விட்டிருக்கலாம்.

மகேஷ், பட்ஜெட் தெரியாமல் நான் 148 சொல்ல மாட்டேன். மூட்டு வலிக்கு அது நல்லதுதான், வரிசை குறைவு, உட்கார இடம் உண்டு. ஆனால் 122 வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டால், அங்கே இரவு டின்னரைவிட காலை டிஃபனோ மதிய டீயோ பாருங்க. தலைக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சச் செலவு வைத்திருக்கிறார்கள், ஜன்னலோர மேஜைக்கு அது இன்னும் கூடும். 442 மீட்டர் உயரம், 124-க்குப் பத்து மீட்டர்தான் குறைவு. அங்கே உட்கார்ந்து பார்த்தால் தனியாக டவர் டிக்கெட் எதற்கு என்றுகூடத் தோன்றும். எங்க மாமியாரை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஊரைப் பார்த்ததைவிட அந்தச் சின்னத் தட்டில் மூன்று அடுக்காக வந்த கேக்கைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், “இதையா ரெண்டு பேருக்கு” என்று.

மஞ்சூர் மணி:
மீண்டும் சொல்கிறேன், ஆனைமுடி கேரளாவில் இருப்பதால் தமிழ்நாட்டில் தொட்டபெட்டாதான் முதலிடம்.

பயணப்புலி:
நீங்கள் முதலில் எழுதியது தமிழ்நாடு இல்லை, தென்னிந்தியா. மேலே அப்படியே இருக்கிறது.

குழு நிர்வாகம்:
மலை உயரம் பேசுபவர்கள் தனி இழை தொடங்கவும். இங்கே துபாய் மட்டும்.

கேத்தி ரவி:
மகேஷ், ஏஜென்ட் என்ன சொன்னார்?

லவ்டேல் வாசு:
மகேஷ்? கிளம்பியாச்சா?

குன்னூர் மகேஷ்:
போய்விட்டு வந்தாச்சு. செல்வி அக்கா சொன்னதுதான், ஏஜென்ட் டின்னர் மாலில் ஒரு பால்கனி. அதைக் கேன்சல் பண்ண வைத்து பாதிப் பணம் வந்தது. டவரை 5 மணிக்கு மாற்றினோம், 122-இல் இன்னொரு நாள் டீ. அம்மா காது ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் நன்றி.

அருவங்காடு பாலன்:
தைலம் கொண்டு போனீர்களா?

கோத்தகிரி செல்வி:
சந்தோஷம் தம்பி. அப்பாவை வேட்டியில் விட்டார்களா? அடுத்து கேட்கிறவங்களுக்குச் சொல்ல உதவும்.

எல்லநள்ளி பிரபு:
எனக்கும் இதே சந்தேகம். 148 டிக்கெட்டோடு 122-க்கு நேராகப் போகலாமா? நாளைக்குள் பதில் வேண்டும்.

பயணப்புலி:
மேலே படிக்கவும்.