எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங்குக்கு மாறும்போது யார்டில் கோட்டை விடும் இடங்கள்

இன்டர்லாக்கிங் என்பது வண்டி போகும் பாதையும் சிக்னலும் முரணாகாமல் பூட்டி வைக்கும் அமைப்பு. பெரிய ரயில்வே ஸ்டேஷனில் ரிலேக்களால் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள்) ஓடும் பழைய ரூட் ரிலே இன்டர்லாக்கிங்கை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரால் ஓடும் எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் போடும்போது எல்லாருடைய கவலையும் சாஃப்ட்வேரைப் பற்றித்தான். அதைக் கண்ட்ரோல் டேபிளை (எந்த ரூட்டுக்கு என்னென்ன நிபந்தனை என்ற பட்டியல்) வைத்து வரிவரியாகச் சோதித்த பிறகுதான் யார்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ஆபத்து பெரும்பாலும் வெளியே, தண்டவாளத்தின் ஓரம் இருக்கும் லொகேஷன் பாக்ஸ் வயரிங்கில் இருக்கிறது.

அதைப் பிடிப்பது கரஸ்பாண்டென்ஸ் டெஸ்ட். பாயின்ட் (வண்டியைப் பாதை மாற்றும் இடம்) பக்கத்தில் ஒருவர், ரிலே ரூமில் ஒருவர், பேனலில் ஒருவர். நார்மல் (பாயின்ட்டின் வழக்கமான நிலை) போட்டதும் டங் ரெயில் (பாயின்ட்டில் நகரும் தண்டவாளம்) எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். ரிலேயும் பேனலும் அதையே காட்ட வேண்டும். அப்புறம் ரிவர்ஸ். கிராஸ்ஓவர் (பக்கத்துப் பக்கத்து லைன்களை இணைக்கும் தடம்) என்றால் ஏ, பி இரண்டு முனையிலும் தனித்தனியாக. ஒரு முனையில் டங் ரெயிலின் நிலையை உறுதிசெய்யும் டிடெக்‌ஷனை அவிழ்த்தால் அந்த ரூட்டின் சிக்னல் சிவப்புக்கு விழ வேண்டும். கடைசியாக 5 மி.மீ. தகட்டை டங் ரெயிலுக்கும் அது ஒட்ட வேண்டிய ரெயிலுக்கும் இடையில் வைத்து பாயின்ட் மெஷினை ஓட்டுங்கள். லாக் ஆகக் கூடாது, கிளட்ச் வழுக்க வேண்டும்.

*

மேலே சொன்ன கரஸ்பாண்டென்ஸ் டெஸ்ட்டைப் புதிய வேலைக்கு மட்டுமல்ல, ஒரு கேட் பேரியர் மாற்றினாலும் செய்ய வேண்டும். 2023 ஜூன் 2, ஒடிசாவின் பாஹாநாகா பஜார் ரயில் விபத்து: சென்னைக்கு வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் பச்சை, ஆனால் 17 ஏ/பி கிராஸ்ஓவர் லூப்புக்கு (மெயினிலிருந்து பிரியும் பக்க லைன்) திரும்பியிருந்தது. 94-ஆம் எண் கேட்டில் பேரியர் மாற்றும் வேலையும், அதற்கு முன்பே சர்க்யூட்டில் செய்திருந்த மாற்றமும் காரணம் என்றது விசாரணை. டெர்மினலில் எழுதியிருக்கும் லெட்டரிங்கை மட்டும் நம்பி வயரை மாற்றக் கூடாது. டிராயிங்கோடு ஒத்துப்பார்த்து, வயரின் இரண்டு முனையையும் பெல் அடித்து (ஒரே வயர்தானா என்று மின்தொடர்பைச் சோதித்து) பார்த்த பிறகுதான் கை வைக்கலாம்.

*

பழைய வயரை என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். லண்டன் கிளாப்பம் ஜங்ஷனில் 1936 காலத்து சிக்னலை மாற்றும் வேலையில், கழற்ற வேண்டிய ஒரு வயர் ஃபியூஸ் பக்கம் இணைப்போடே இருந்தது. ரிலே பக்க முனையை வெட்டவும் இல்லை, டேப் சுற்றவும் இல்லை. ஓரமாகத் தள்ளியதோடு சரி. பின்னொரு நாள் பக்கத்து ரிலேயில் வேலை நடந்தபோது அது அசைந்து பழைய டெர்மினலையே தொட்டது. முன்னால் வண்டி நின்றும் சிக்னல் சிவப்புக்கு வரவில்லை. 1988 டிசம்பர் 12-இல் நடந்த மோதலில் 35 உயிர்கள் போயின. டெர்மினலில் எத்தனை வயர் என்று டிராயிங்கோடு எண்ணிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அந்த வயர் வேலையைச் செய்த டெக்னீஷியனுக்கு 13 வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. அதையும் சேர்த்துச் சொல்லாமல் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமே இல்லை.

*

பிளாட்பார லைனுக்கு ஒன்று. கோச்சிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் பேலஸ்ட் ரெசிஸ்டன்ஸ் (இரண்டு ரெயிலுக்கும் நடுவே ஜல்லியின் மின்தடை) இறங்கி, வண்டி இல்லாமலே டிராக் ரிலே விழும், அதாவது லைனில் வண்டி இருப்பதாகக் காட்டும். அங்கே ஆக்சில் கவுண்டர் (வண்டியின் அச்சுகளை எண்ணும் கருவி) போடுங்கள். டிராக் சர்க்யூட் (ரெயில் வழியே கரன்ட் விட்டு வண்டியைக் கண்டறியும் முறை) இருக்கும் இடத்தில் 0.5 ஓம் ஷன்ட்டை (வண்டிச் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு ரெயிலையும் இணைக்கும் மின்தடை) வைத்து ரிலே விழுகிறதா என்று பாருங்கள். அதிகம் வண்டி ஓடாத லைனில் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு ஷன்ட் வைத்தால் டெஸ்ட் பாஸ் ஆகும், ஆனால் துரு இருக்கும் ரெயிலில் நிஜமான வண்டி நின்றால் காட்டாது.