மென்சியஸ் பேசியது மக்களாட்சியா?

தேரிக்காடு: சீன மரபில் ஜனநாயகத்துக்கு வேரே கிடையாது என்று நேற்று வடகரை எழுதியிருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை. மக்கள்தான் முதல், மண்ணும் தானியமும் காக்கும் தெய்வங்கள் அடுத்து, மன்னன் கடைசி என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே சொன்னவர் சீனத் தத்துவ அறிஞர் மென்சியஸ். மிங் வம்சத்தை நிறுவிய ஹொங்வு பேரரசருக்கு இது பொறுக்கவில்லை. 1394இல் மென்சியஸின் நூலிலிருந்து 85 பகுதிகளை வெட்டச் செய்தார், அவற்றிலிருந்து அரசுப் பணித் தேர்வில் கேள்வி கேட்கவும் தடை போட்டார். வெறும் நீதிபோதனை என்றால் ஒரு பேரரசர் இவ்வளவு பதறுவாரா?

வடகரை: பதறினார், சரி. அதனால் அது ஜனநாயகம் ஆகிவிடுமா? மக்களுக்காக ஆள வேண்டும் என்கிறார் மென்சியஸ், மக்களே ஆளட்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அமைச்சர்களைப் பற்றிப் பண்டைய சீனாவின் சீ நாட்டு அரசன் அவரிடம் கேட்கிறான். அறிவுரை கேட்காத மன்னனை அரச குலத்து அமைச்சர்கள் நீக்கலாம், மற்ற அமைச்சர்கள் பதவியை விட்டுப் போகலாம் என்பதுதான் பதில். உழவனுக்கு அதில் என்ன இடம்? எத்தனை முறை படித்தாலும் என்னை உறுத்துகிற இடம் இது.

ஏட்டுச்சுவடி: இருவரும் சீனச் சிந்தனையாளர் ஹுவாங் சோங்சியை விட்டுவிட்டீர்கள். மிங் ஆட்சி சரிந்தபின், 1660களில் எழுதியவர். பேரரசர் சரியென்று சொல்வதெல்லாம் சரியாகிவிடாது, சரி தவறைப் பள்ளிகளில் பொதுவில் பேசித் தீர்க்க வேண்டும் என்றார். மாதம் ஒருமுறை பேரரசரே அரசக் கல்விக்கூடத்துக்குப் போய், மாணவர்களோடு உட்கார்ந்து தலைமை ஆசிரியரின் கண்டனத்தைக் கேட்க வேண்டுமாம். தேர்தல் இல்லைதான். ஆனாலும் அதிகாரத்தைக் கேள்வி கேட்க ஓர் அமைப்பு வேண்டும் என்று யோசித்திருக்கிறார்.

தேரிக்காடு: நன்றி, இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இன்னொன்று. ஆசியப் பண்பாட்டுக்கு மேற்கத்திய ஜனநாயகம் பொருந்தாது என்ற சிங்கப்பூர்த் தலைவர் லீ குவான் யூவின் வாதத்துக்கு 1994இல் மறுப்பு எழுதிய, பின்னாளில் தென்கொரிய அதிபரான கிம் டே ஜுங், மென்சியஸையும் சான்றுக்கு அழைத்தார். கொரியச் சர்வாதிகாரிகளிடம் மரண தண்டனை வரை பார்த்தவர் அவர்.

வடகரை: கிம் மீது எனக்கும் பெரிய மதிப்பு உண்டு. ஹுவாங்கைப் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன், 'வேரே கிடையாது' என்று நான் எழுதியது தவறு. ஆனால் தென்கொரியாவில் அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கும் நேரடித் தேர்தல் திரும்பி வந்தது 1987 ஜூனில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கியதால். அவர்கள் கேட்டது நல்ல அரசன் வேண்டும் என்றல்ல, வாக்கு வேண்டும் என்று. அந்தக் கோரிக்கை மென்சியஸில் எந்த இடத்தில் இருக்கிறது, காட்டுங்கள்.