கணினி நின்றால் மண்டியும் நிற்க வேண்டுமா?

லீ பஜார் மண்டிக்காரன்:
போன வாரம் சேலத்தில் எங்கள் மண்டியில் பில் போடும் கணினி காலை பத்து மணிக்குப் படுத்தது, மாலை நாலு வரை எழவில்லை. ஆத்தூரிலிருந்து வரமிளகாய் எடுக்க வந்த வண்டி வாசலில் நிற்கிறது. சரக்கு இருக்கிறது, தராசு இருக்கிறது, ஆனால் அவருடைய பழைய பாக்கி எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா காலத்தில் அன்றாட வரவு செலவு எழுதும் நாள்வழியும், ஆள்வாரியாகக் கணக்கு எழுதும் பேரேடும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கரண்ட் போனாலும் யார் பாக்கி எவ்வளவு என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். கணக்கோடு சேர்த்து, கணக்குப் பார்க்கும் பழக்கத்தையும் கணினியிடம் கொடுத்துவிட்டோம். பேரேடு திரும்ப வர வேண்டும் என்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
அண்ணா, பேரேட்டுக் காலத்தை நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் தொழிலில் வெள்ளியைக் கட்டியாகக் கொடுத்துக் கொலுசாக வாங்குகிறோம். எடை, டச் (நூற்றில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற அளவு), சேதாரம், கூலி எல்லாம் உருப்படிக்கு உருப்படி மாறும். 80 டச்சில் ஒரு கிலோ கொலுசு என்றால் அதில் சுத்த வெள்ளி 800 கிராம். பத்து பட்டறைக்கு இதைக் கையால் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கணக்கில் 300 கிராம் உதைத்ததற்காக ஒரு பட்டறைக்காரரும் நானும் ஒரு வருஷம் பேசாமல் இருந்தோம். கடைசியில் பார்த்தால், பக்கம் மாறும்போது நான் தொகையைத் தப்பாக ஏற்றியிருக்கிறேன். கணினி வந்தபின் அந்தச் சண்டையே இல்லை.

லீ பஜார் மண்டிக்காரன்:
சரி தம்பி, ஆனால் நிற்கிற நாளில் என்ன செய்வது? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தெரிந்த ஆள் இருந்ததால்தானே பயணிகள் ஏற முடிந்தது?

அம்மாபேட்டை, கணக்கு எழுதுபவள்:
ஐயா, எனக்கு 24 வயது. பற்று வரவு பிளஸ் டூவில் கையால் எழுதிப் படித்ததுதான். வேலைக்கு வந்த பிறகு எந்த முதலாளியும் என்னிடம் ஒரு பேரேட்டை நீட்டியதில்லை. பழக்கம் போனதற்கு எங்களைக் குறை சொல்லாதீர்கள். அப்புறம், உங்களிடம் முந்தின நாள் பேக்கப் ஒரு பென்டிரைவில் இருந்ததா? இருந்திருந்தால் வேறொரு கணினியில் போட்டு, அந்த வண்டியைக் காலையிலேயே அனுப்பியிருக்கலாம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம்:
எல்லோரும் முதலாளி பக்கக் கணக்கையே பேசுகிறீர்கள். நான் மேற்பார்வை பார்க்கும் தோட்டத்தில் பழம் பறிக்கும் பருவத்தில் சாயங்காலம் எடை போடுவோம். முன்பு மேஸ்திரி துண்டுச்சீட்டில் எழுதிப் பறித்தவர் கையில் கொடுப்பார். இப்போது நான் கைபேசியில் ஏற்றுகிறேன். போன பருவத்தில் ஒரு அக்கா 52 கிலோ என்றார், பதிவில் 42 இருந்தது. அவரிடம் காட்ட எதுவும் இல்லை. கைபேசியில் இருப்பதே சரி என்று பத்து கிலோ கூலியை விட்டுவிட்டுப் போனார். மழையில் நனைந்த திரையில் நான்தான் தப்பாகத் தட்டியிருப்பேன் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
அது கணினியின் குற்றம் இல்லை. தராசோடு ஒரு சின்ன பிரிண்டர் வையுங்கள், சீட்டு உடனே அவர் கைக்குப் போய்விடும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம்:
பிரிண்டர் வரும்போது வரட்டும். கார்பன் வைத்த சீட்டுப் புத்தகத்துக்குச் சொல்லிவிட்டேன். அந்த அக்காவுக்குப் பத்து கிலோ கூலியையும் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

லீ பஜார் மண்டிக்காரன்:
கணக்குப் பார்க்கும் அந்தப் பெண் சொன்னது உறைத்தது. பென்டிரைவ் வாங்கிவிட்டேன். நேற்று இரவு பாக்கிப் பட்டியலை அச்செடுத்துக் கல்லாவில் வைத்தேன், 11 பக்கம். பேரேடும் இரண்டு வாங்கியிருக்கிறேன். பட்டறைத் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டார், தெரியும். மகனை முதல் பக்கம் எழுதச் சொன்னேன். பற்று எந்தப் பக்கம் என்று கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.