புதுப்பிப்பு: டித்வா புயலுக்குப் பிறகு திருகோணமலை போகலாமா? போய் வந்துவிட்டோம்

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலுக்குப் பிறகு, அம்மா அப்பாவோடு திருகோணமலை போகலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வடகீழ்ப் பருவமழை முடியட்டும், மே மாதம் போங்கள் என்றது சரியான யோசனை. கொழும்புப் பக்கம் மழை கொட்டும்போது கிழக்குக் கரையில் கடல் அமைதி. திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிக் கடற்கரையில் அம்மாவே முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். ஆனால் முடிவெடுக்க வைத்தது, தங்கப்போகும் இடத்துக்கே போன் போடச் சொன்னதுதான். அங்கே போனை எடுத்த அக்கா, "பயப்படாம வாங்கோ தம்பி, ஆக்கள் வந்தாத்தான் எங்களுக்கும் பிழைப்பு" என்றார். கண்டி வழி வேண்டாம், தம்புள்ளை, ஹபரணை வழியாக வரச் சொன்னதும் அவர்தான்.

எதிர்பாராதது: கோணேசர் கோயிலில் நல்ல கூட்டம், புயலின் சுவடே இல்லை. மாவிலாற்று வெள்ளம் புகுந்த மூதூர்ப் பக்கமோ விவசாயிகள் இன்னும் மீளவில்லை. போகிறவர்கள் தயவுசெய்து உள்ளூர்க் கடைகளிலேயே சாப்பிடுங்கள், வாங்குங்கள்.